முத்தையாபுரம் ரோட்டுல ஒரு கெமிஸ்ட்ரி சிலபஸ்

முதல் செமஸ்டர் ரிசல்ட் வர்ற அன்னைக்கு எந்த டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் ஒரே புலம்பல்தான். "கோடிங் படிக்க வந்தவனுக்கு எதுக்குல கெமிஸ்ட்ரி?" "மெக்கானிக்கல் எடுத்தவனுக்கு குவாண்டம் எதுக்கு?" பிளஸ் டூ முடிச்சதோட விட்டுப்போச்சுன்னு நினைச்ச ரெண்டு சப்ஜெக்ட் காலேஜ் கேட் வரைக்கும் துரத்தி வந்து கிரேடு ஷீட்டுல உட்கார்ந்திருந்தா யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

இந்தக் கேள்விக்கு ரெண்டு பதில் இருக்கு. ஒண்ணு கணக்கு. அதை ஒரு பேப்பர், பேனா எடுத்து பத்து நிமிஷத்துல போட்டுப் பார்க்கலாம். இன்னொண்ணு வகுப்புக்கு வெளியே, தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் போற ரோட்டுல, முத்தையாபுரத்தைச் சுத்தி இருக்கு. முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம்.

22-ல் 12

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான ரெகுலேஷன் 2021-ஐ எடுத்துக்குவோம். முதல் செமஸ்டருக்கு மொத்தம் 22 கிரெடிட். மேத்ஸ் 4, ஃபிசிக்ஸ் 3, கெமிஸ்ட்ரி 3, ஃபிசிக்ஸ் கெமிஸ்ட்ரி லேப் 2. கூட்டினா 12. பைத்தான் தியரி 3, பைத்தான் லேப் 2, இங்கிலீஷ் 3, இங்கிலீஷ் லேப் 1, தமிழர் மரபு 1. இது 10.

அதாவது நீங்க எந்தப் பிராஞ்ச் எடுத்திருந்தாலும் முதல் செமஸ்டர் ஜிபிஏ-ல பாதிக்கு மேல அறிவியலும் கணக்கும்தான் தீர்மானிக்குது. உங்க பேட்ச் வேற ரெகுலேஷன்னா, இல்ல உங்க காலேஜ் அட்டானமஸ்னா எண்கள் மாறும். கணக்குப் போடுற முறை மாறாது. ஒவ்வொரு பாடத்தோட கிரெடிட்டையும் அதுல வாங்கின கிரேடு பாயிண்டால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால வகுத்தா ஜிபிஏ. ஓ-க்கு 10, ஏ பிளஸ்-க்கு 9, ஏ-க்கு 8, பி பிளஸ்-க்கு 7, பி-க்கு 6 பாயிண்ட்.

ஒரு மாதிரி மாணவரை வச்சுப் போட்டுப் பார்ப்போம். இங்கிலீஷ் ஏ (24), மேத்ஸ் பி பிளஸ் (28), ஃபிசிக்ஸ் பி (18), கெமிஸ்ட்ரி பி (18), பைத்தான் ஏ (24), தமிழர் மரபு ஏ பிளஸ் (9), மூணு லேப்லயும் ஏ பிளஸ் (18, 18, 9). கூட்டினா 166. அதை 22-ஆல வகுத்தா 7.55.

இதே ஆள் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ரெண்டையும் பி-ல இருந்து ஏ-க்கு ஏத்தியிருந்தா 178. வகுத்தா 8.09. வேற எதையும் தொடலை. ரெண்டே பாடம், அரை பாயிண்டுக்கு மேல. பிளேஸ்மென்ட் ட்ரைவ்ல ஏழு, ஏழரை, எட்டுன்னு கட்ஆஃப் வச்சு லிஸ்ட்டை வெட்டும்போது இந்த அரை பாயிண்டுக்கு என்ன மதிப்புன்னு ஃபைனல் இயர் அண்ணன், அக்கா யாரையாவது கேளுங்க.

23 என்ற எண்

அடுத்தது பாஸ் ஆகுற கணக்கு. தியரி பாடத்துல இன்டர்னல் 40, செமஸ்டர் பரீட்சை 60. நூறுக்கு எழுதுற பரீட்சையை அறுபதுக்குச் சுருக்குவாங்க. பாஸ் ஆக ரெண்டு நிபந்தனை. ரெண்டும் சேர்த்து 50 வரணும். பரீட்சையில மட்டும் தனியா 45 சதவீதம், அதாவது 60-க்கு 27 வரணும்.

50-ல் இருந்து 27-ஐக் கழிங்க. 23. இந்த எண்ணை நோட்டு அட்டையில எழுதி வச்சுக்கோங்க. இன்டர்னல் 23 அல்லது அதுக்கு மேல இருந்தா பரீட்சையில நூறுக்கு 45 எடுத்தாலே பாஸ். 23-க்குக் கீழ போற ஒவ்வொரு மார்க்குக்கும் பரீட்சையில ஒன்றரை மார்க்குக்கு மேல கூடுதலா எடுக்கணும். இன்டர்னல் 18-னா 54 தேவை. 15-னா 59. 10-னா 67. மாடல் எக்ஸாமை லீவ் போட்டுத் தள்ளிவிட்டவங்க பல பேர் 50 மார்க் எடுத்தும் அரியர் வைக்கிறது இந்த இடத்துலதான்.

அரியர் வச்சா ஜிபிஏ ஏறுமா?

ஒரு வேடிக்கையைப் பாருங்க. மேல சொன்ன மாணவர் கெமிஸ்ட்ரியில ஃபெயில்னு வச்சுக்குவோம். யூ கிரேடு வாங்கின பாடத்தை ஜிபிஏ கணக்குல சேர்க்க மாட்டாங்க. அப்போ 148-ஐ 19-ஆல வகுக்கணும். 7.79! பாஸ் ஆனப்போ 7.55, ஃபெயில் ஆனா 7.79. "அரியர் இருந்தாலும் ஜிபிஏ நல்லாத்தான் மக்கா இருக்கு"ன்னு நினைச்சு அந்தப் பேப்பரை ஆறாவது செமஸ்டர் வரைக்கும் இழுக்குறவங்க இருக்காங்க.

அது நிஜ உயரம் இல்லை. அந்தப் பேப்பரை கிளியர் பண்ணினதும் கணக்குக்குள்ள வந்து சிஜிபிஏ-வைத் திரும்ப இழுத்துடும். டிஸ்டிங்ஷனோட முதல் வகுப்பு வேணும்னா சிஜிபிஏ 8.50 மட்டும் போதாது, எல்லாப் பாடத்தையும் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியிருக்கணும். முதலாண்டு கெமிஸ்ட்ரியில விழுந்த ஒரு யூ, நாலாவது வருஷம் முடியிற வரைக்கும் அந்த வாய்ப்பைக் கொடுக்காது.

இந்த இடத்துல யாராவது ஒருத்தர் கட்டாயம் ராமானுஜன் பேரை இழுப்பாங்க. "அவரே ஃபெயில்தான்." உண்மைதான். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில உதவித்தொகையோட சேர்ந்தார். கணக்கைத் தவிர மத்தப் பாடங்களைக் கவனிக்காததால உதவித்தொகை போச்சு. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சையில அங்கேயும் தேறலை. கதையை எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க. அதுக்கப்புறம் டிகிரி இல்லாம வேலை தேடி வருஷக்கணக்கா அலைஞ்சதையும், 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்துல கிளார்க்கா சேர்ந்ததையும் சேர்த்துச் சொல்லணும். மார்க் அவரோட அறிவை அளக்கலை, சரி. ஆனா அவருக்கு முன்னால இருந்த கதவுகளை அந்த மார்க்தான் மூடுச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை. அதனால கிரேடை அலட்சியப்படுத்தவும் வேண்டாம், அதுதான் நம்ம மூளையோட எடைன்னு நம்பவும் வேண்டாம்.

சரி, கிரேடு ஏறணும். எப்படி? "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்" பிடிஎஃப் ஒரு வழி. அஞ்சு யூனிட்டுக்கும் பதிமூணு மார்க் கேள்விகளைத் தனித்தனியா மனப்பாடம் பண்ணணும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டா கை நின்னுடும். இன்னொரு வழி, பல கேள்விகளுக்கு அடியில ஓடுற ஒரே கருத்தைப் பிடிக்கிறது. அதுக்குத்தான் முத்தையாபுரம்.

உப்பளம்: யார் முதல்ல வெளியே வர்றாங்க?

தூத்துக்குடியைச் சுத்தி உப்பளத்தைப் பார்க்காம எங்கேயும் போக முடியாது. அங்க வேலை பார்க்கிறவங்க தண்ணியை ஒரு பாத்தியில இருந்து அடுத்த பாத்திக்கு ஏன் மாத்திக்கிட்டே இருக்காங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? ஒரே பாத்தியில காயவிட்டா உப்பு வராதா?

வரும். ஆனா நல்ல உப்பு வராது. ஒரு லிட்டர் கடல்நீர்ல சுமார் 35 கிராம் உப்புகள் கரைஞ்சிருக்கு. அது எல்லாமே சோடியம் குளோரைடு இல்லை. கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சல்பேட், புரோமைடு எல்லாம் கலந்திருக்கு. வெயில் தண்ணியைக் குடிக்கக் குடிக்க, கரையும் திறன் எதுக்குக் குறைவோ அது முதல்ல வெளியே வரும். முதல்ல கால்சியம் கார்பனேட். அடுத்து கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். அடர்த்தி போமே அளவுல சுமார் 25 டிகிரியைத் தொட்டதும் சோடியம் குளோரைடு. 29, 30 டிகிரி ஆனதும் மிச்சத் தண்ணியை வெளியேத்திடணும். இல்லேன்னா மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து உப்பு கசக்கும், காத்துல ஈரத்தை இழுத்துக் கசியும்.

அதனாலதான் பாத்தி மாத்துறது. ஜிப்சத்தை முந்தின பாத்தியிலேயே படியவிட்டுட்டு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் உப்பு விளையுற பாத்திக்கு அனுப்புறாங்க. ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிற உப்பளத் தொழிலாளி செய்யுறது, பகுதிப் படிகமாக்கல்னு நம்ம புத்தகத்துல இருக்கிற அதே வேலை.

இதுல இருந்து ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கோங்க: பல அயனிகள் கலந்து கிடக்கும்போது, எந்த ஜோடிக்குக் கரையும் திறன் குறைவோ அந்த ஜோடி முதல்ல திடப்பொருளா வெளியே வரும். இனி இந்த வரியோடவே ரோட்டுல நடப்போம்.

பாய்லரும் முத்தும்

துறைமுகத்துப் பக்கம் தெரியுற புகைபோக்கிகள் தூத்துக்குடி அனல் மின் நிலையம். 210 மெகாவாட் யூனிட் அஞ்சு. அங்க நீராவி உண்டாக்குற பாய்லருக்குச் சாதாரணத் தண்ணியை விட்டா என்ன ஆகும்? கெமிஸ்ட்ரி முதல் யூனிட்டோட பதிமூணு மார்க் கேள்வி இதுதான்: ஸ்கேல், ஸ்லட்ஜ், அதைத் தடுக்கும் முறைகள்.

உப்பளத்து வரியைப் போட்டுப் பாருங்க. தண்ணி ஆவியாகுது, உப்புகள் அடர்த்தியாகுது, கரையும் திறன் குறைஞ்சது முதல்ல படியுது. இங்கேயும் முதல் ஆள் கால்சியம் கார்பனேட்தான். கரைஞ்சிருந்த கால்சியம் பைகார்பனேட் சூட்டுல உடைஞ்சு கார்பனேட்டா மாறிக் குழாய்ச் சுவர்ல ஒட்டும். கால்சியம் சல்பேட் இன்னும் மோசம். பெரும்பாலான உப்புகள் சூட்டுல நல்லாக் கரையும். இது சூடு ஏற ஏறக் கரையுறது குறையும். குழாயோட மிகச் சூடான இடத்துல போய்க் கெட்டியாப் படியும். படிஞ்ச அந்தத் தோல் வெப்பத்தைச் சரியாக் கடத்தாது. எரிபொருள் கூடுதலாச் செலவாகும். குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கவும் வாய்ப்பிருக்கு. அதனாலதான் அயனி மாற்று முறையில தாது நீக்கின தண்ணியைத்தான் பாய்லருக்குள்ள விடுறாங்க.

அதே கால்சியம் கார்பனேட்டைச் சிப்பி ஒழுங்கா அடுக்கடுக்கா படிய வச்சா அதுக்குப் பேர் முத்து. இந்தக் கடற்கரையோட பேரைக் கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்கள் வரைக்கும் கொண்டுபோன பொருள். இங்க கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் தூத்துக்குடியில வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டுச்சு. பாய்லர் ஸ்கேலும் முத்தும் வேதியியல்ல ஒரே சேர்மம். படியுற விதம்தான் வேற.

லேப்ல இடிடிஏ டைட்ரேஷன் செய்யும்போது வைன் சிவப்பு நீலமா மாறுற வரைக்கும் சொட்டு சொட்டா விடுவோமே, அங்க அளக்குறது இந்தக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும்தான். பஃபர் எதுக்கு ஊத்துறோம்? பிஎச் 10-ல் நிலையா இருந்தாத்தான் இடிடிஏ உலோக அயனியை இறுக்கமாப் பிடிக்கும், நிறமும் தெளிவா மாறும். அந்தப் பஃபர்ல இருக்கிறது அம்மோனியாவும் அம்மோனியம் குளோரைடும். அந்த ரெண்டையுமே முத்தையாபுரத்துல தொழிற்சாலை அளவுல தயாரிச்சிருக்காங்க.

நாலு பொருளும் ஒரே ரோட்டுல

ஸ்பிக் நகர் ஸ்டாப்பிங் தாண்டிப் போயிருப்பீங்க. ஸ்பிக் தொழிற்சாலை 1970-களில் இருந்து அங்க அம்மோனியாவும் யூரியாவும் தயாரிக்குது. ஒரு பங்கு நைட்ரஜன், மூணு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்து ரெண்டு பங்கு அம்மோனியா. இடப்பக்கம் நாலு மூலக்கூறு, வலப்பக்கம் ரெண்டு. அழுத்தத்தைக் கூட்டினா குறைவான மூலக்கூறு இருக்கிற பக்கம் சமநிலை நகரும். வெப்பம் உமிழும் வினைங்கிறதால சூட்டைக் குறைச்சா அம்மோனியா கூடும், ஆனா வினை ஆமை வேகத்துல நடக்கும். அதனால இரும்பு வினையூக்கி, 400-ல் இருந்து 500 டிகிரி செல்சியஸ். லீ சாட்லியர் தத்துவத்தை ஸ்கூல்ல ஒப்பிச்சிருப்போம். நிஜத்துல அது விளைச்சலுக்கும் வேகத்துக்கும் நடுவுல நடக்கிற ஒரு பேரம்.

ஸ்பிக் பக்கத்துலேயே தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ். இங்க தயாரிக்கிறது சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட். பதினொன்றாம் வகுப்புல படிச்ச சால்வே முறை ஞாபகம் வருதா? இங்க நடக்கிறது அதோட ஒரு மாற்று வடிவம். உப்பு, அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் நாலும் சேர்ந்து சோடியம் பைகார்பனேட்டும் அம்மோனியம் குளோரைடும் வரும். பைகார்பனேட்டைச் சூடாக்கினா சோடா ஆஷ். அம்மோனியம் குளோரைடு உரமாப் போகும்.

இப்ப ஒரு கேள்வி. கரைசல்ல சோடியம், அம்மோனியம், குளோரைடு, பைகார்பனேட் நாலு அயனியும் கலந்து கிடக்கு. நாலு ஜோடி சாத்தியம். ஏன் சோடியம் பைகார்பனேட் மட்டும் வீழ்படிவா வருது? 20 டிகிரியில 100 மில்லி தண்ணியில சோடியம் குளோரைடும் அம்மோனியம் குளோரைடும் சுமார் 36, 37 கிராம் கரையும். அம்மோனியம் பைகார்பனேட் இருபது கிராமுக்கு மேல கரையும். சோடியம் பைகார்பனேட் பத்து கிராம்கூடக் கரையாது. கரையும் திறன் குறைஞ்ச ஜோடி முதல்ல வெளியே. உப்பளத்துல சொன்ன அதே வரி!

பார்த்தீங்களா, ஒரே வரி உப்பு விளைச்சலையும், பாய்லர் ஸ்கேலையும், சோடா ஆஷ் தயாரிப்பையும் விளக்குது. மூணு விடையைத் தனித்தனியா மனப்பாடம் பண்றவங்க மூணு தடவை மறப்பாங்க. வரியைப் பிடிச்சவங்க பரீட்சை ஹால்ல உட்கார்ந்தே விடையைக் கட்டி எழுப்பிடுவாங்க.

60,000 டன்னும் ஒரு சந்தேகமும்

அந்தச் சோடா ஆஷ் தொழிற்சாலைக்குக் கார்பன் டை ஆக்சைடு வேணும். அங்கேயே நிலக்கரி பாய்லரும் ஓடுது. அதோட புகையில கார்பன் டை ஆக்சைடு வீணாப் போகுது. அந்தப் புகையில இருந்தே வாயுவைப் பிடிச்சு உள்ளே விட்டா என்ன? 2016-ல் இங்க அதைச் செஞ்சு காட்டினாங்க. தொழில்நுட்பம் கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தோடது. ஐஐடி கரக்பூர்ல படிச்ச அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் ரெண்டு பேரும் 2009-ல் தொடங்கின நிறுவனம் அது. வருஷத்துக்கு 60,000 டன் வரை பிடிக்கிற திட்டம்னு சொன்னதும், அரசு மானியம் இல்லாம நடந்ததும், 2017 ஜனவரியில உலகப் பத்திரிகைகள்ல செய்தியாச்சு.

நம்ம நாலாவது யூனிட்டுல ஃப்ளூ கேஸ் அனாலிசிஸ், ஆர்சாட் கருவின்னு ஒரு கேள்வி வரும். அதுல கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் இருக்கும். உறிஞ்சினது உறிஞ்சினதுதான், எளிதாத் திருப்பித் தராது. அளக்குறதுக்கு அது போதும். தொழிற்சாலைக்கு வேண்டியது வேற: புகையில பிடிக்கணும், சூடாக்கினா விட்டுடணும், திரும்பத் திரும்பப் பயன்படணும். அமின் சேர்ந்த கரைசல்கள் இதைச் செய்யும். ஆனா திரும்ப விடுவிக்க நிறைய நீராவி செலவாகும், இரும்பையும் அரிக்கும். அந்தச் செலவையும் அரிப்பையும் குறைக்கிற கரைசலைக் கண்டுபிடிச்சதுதான் அவங்களோட வேலை. அமிலம், காரம், சமநிலை எல்லாம் நம்ம சிலபஸ்தான்.

இந்த இடத்துல மார்க்குக்கு வெளியே ஒரு சந்தேகம் வரணும். பக்கத்து அனல் மின் நிலையம் 1050 மெகாவாட். நிலக்கரி மின்சாரத்துல யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னு தோராயமா வச்சுக்குவோம். முழுத் திறன்ல ஒரு நாள் ஓடினா 1050-ஐ 24-ஆல பெருக்கினா 25,200 மெகாவாட் மணி. அதாவது ஏறக்குறைய 25,000 டன். அப்போ வருஷம் முழுக்கப் பிடிக்கிற 60,000 டன், அந்த மின் நிலையம் ரெண்டரை நாள்ல விடுற அளவு. இன்னொண்ணு. சோடா ஆஷை மணலோட சேர்த்து உருக்கிக் கண்ணாடி செய்யும்போது அந்தக் கார்பன் டை ஆக்சைடு மறுபடியும் காத்துக்குப் போயிடும். பைகார்பனேட்டை ஆப்ப மாவுல போட்டாலும் அதே கதை.

அதுக்காக முயற்சி வீண்னு அர்த்தம் இல்லை. தனியாத் தயாரிக்க வேண்டிய வாயுவைப் புகையில இருந்து எடுக்கிறது லாபம்தான். ஆனா "பிடிச்சாச்சு, பிரச்சனை தீர்ந்தாச்சு"ன்னு ஒரு தலைப்பைப் பார்த்ததும் பேனாவை எடுத்து ரெண்டு வரி கணக்குப் போடத் தெரியணும். நாளைக்கு நம்ம ஊர்ல ஒரு ஆலை வருது, ஒரு ஆலை மூடுது, ஒரு திட்டம் அறிவிக்கிறாங்கன்னா, வீட்டுல நம்மகிட்டதான் கேட்பாங்க: "நீ இன்ஜினியரிங் படிக்கிறல்ல, இது என்னன்னு சொல்லு." அப்ப உதவுறது ஏ பிளஸ் இல்லை, இந்தக் கணக்குதான்.

குவாண்டமும் இதே ரோட்டுலதான்

ஃபிசிக்ஸ்காரங்க கோவிச்சுக்க வேண்டாம். அதே வளாகங்களுக்குப் பக்கத்துல தூத்துக்குடி கன நீர் ஆலை இருக்கு. 1978-ல் தொடங்கின அணுசக்தித் துறை ஆலை. இயற்கையில சுமார் 6,500 ஹைட்ரஜன் அணுவுக்கு ஒண்ணுதான் டியூட்டீரியம். அது கலந்த கன நீர், கல்பாக்கத்துல இருக்கிற மாதிரியான அணு உலைகள்ல நியூட்ரான் வேகத்தைக் குறைக்க வேணும். ஸ்பிக் ஆலைக்குள்ள போற ஹைட்ரஜன் வாயுவை அம்மோனியாவோட தொடர்புபடுத்தி, அதுல இருக்கிற டியூட்டீரியத்தை அம்மோனியாப் பக்கம் இழுக்கிற முறையை இங்க பயன்படுத்தினாங்க.

வேதியியல்ல ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் ஒரே தனிமம். அப்புறம் ஏன் டியூட்டீரியம் அம்மோனியாவை விரும்புது? "பார்ட்டிகிள் இன் எ பாக்ஸ்" டெரிவேஷன்ல கடைசியா ஒரு விஷயம் வருமே, மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலயும் ஆற்றல் பூஜ்யம் ஆகாது, நிறை அந்தச் சூத்திரத்துல கீழே, வகுக்கிற இடத்துல இருக்குன்னு. வேதிப் பிணைப்பு பெட்டி இல்லை, ஸ்பிரிங் மாதிரி. ஆனா கருத்து அதேதான். கனமான அணு ஆடுற பிணைப்புக்கு அந்த அடிமட்ட ஆற்றல் குறைவு. இந்தக் குறைவு எல்லாப் பிணைப்புலயும் ஒரே அளவு இல்லை. எந்த இடத்துல உட்கார்ந்தா மொத்த ஆற்றல் அதிகமாக் குறையுமோ அங்க டியூட்டீரியம் சேரும். "எங்கேயும் உதவாத டெரிவேஷன்"னு நாம திட்டுற வரியோட பலத்துல ஒரு ஆலையே ஓடியிருக்கு.

தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்களுக்கு

2021-ல் பொறியியல் சேர்க்கையில அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு, தமிழ் வழியில படிச்சவங்க நிறைய பேர் நம்ம வகுப்புகள்ல இருக்காங்க. அவங்கள்ல பலருக்கு முதல் செமஸ்டர்ல விழுற அடி அறிவியலால வர்றது இல்லை, மொழியால வர்றது. வீழ்படிவுன்னா என்னன்னு நல்லாத் தெரியும்; பேப்பர்ல "ப்ரெசிபிடேட்"னு பார்த்ததும் புதுசா ஏதோ கேட்கிறாங்கன்னு கை நடுங்கும். கடினத்தன்மைதான் ஹார்ட்னஸ், கரைதிறன்தான் சாலுபிலிட்டி, சமநிலைதான் ஈக்விலிப்ரியம். ஒரு நோட்டுல யூனிட்டுக்கு இருபது சொல் வீதம் ரெண்டு பக்கமும் எழுதி வச்சுக்கோங்க. அஞ்சு யூனிட்டுக்கு நூறு சொல். பாதி சிலபஸ் ஏற்கெனவே தெரிஞ்சதுன்னு அப்பதான் புரியும். விடையை முதல்ல தமிழ்ல யோசிச்சு, பிறகு சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா எழுதுங்க. படம், சமன்பாடு, அலகு மூணுக்கும் மொழியே தேவையில்லை. அதுல மார்க்கை விட்டுடாதீங்க.

என்ன செய்யலாம்?

ஒண்ணு: முதல் இன்டர்னல் முடிஞ்சதும் 23 கணக்கைப் போடுங்க. குறைவா இருந்தா அடுத்த டெஸ்டுலயே சரிபண்ணுங்க, செமஸ்டர் வரைக்கும் காத்திருக்காதீங்க.

ரெண்டு: கேள்வித்தாள் அமைப்பைப் பாருங்க. ரெண்டு மார்க் பத்து, பதிமூணு மார்க் அஞ்சு, பதினைஞ்சு மார்க் ஒண்ணு. ரெண்டு மார்க்குக்கு வரையறை சுத்தமா எழுதணும், அங்க மனப்பாடம் தப்பே இல்லை. பதிமூணுக்கு "ஏன்"ங்கிற பதில் தெரிஞ்சிருக்கணும்.

மூணு: ஒவ்வொரு யூனிட் முடியும்போதும் அதோட மையக் கருத்தை ஒரே வரியில தமிழ்ல எழுதுங்க. எழுத முடியலைன்னா இன்னும் புரியலைன்னு அர்த்தம். சார்கிட்டயோ மேடம்கிட்டயோ போய்க் கேளுங்க. வாரத்துல ஒருத்தராவது வந்து கேட்க மாட்டாங்களான்னு அவங்களே காத்துக்கிட்டிருப்பாங்க.

நாலு: லேப் ரெக்கார்டை கடைசி வாரத்துல காப்பி அடிக்காதீங்க. 2 கிரெடிட்டுல சுலபமா ஓ வாங்கக்கூடிய இடம் அது. வீட்டு போர்வெல் தண்ணியை ஒரு பாட்டில்ல கொண்டுவந்து ஹார்ட்னஸ் பார்க்க அனுமதி கேளுங்க. அம்மா துவைக்கிற சோப்பு ஏன் நுரைக்கலைன்னு அன்னைக்குத் தெரிஞ்சுடும்.

அஞ்சு: உங்க ஊருக்கும் ஒரு முத்தையாபுரம் ரோடு இருக்கும். சிவகாசின்னா தீப்பெட்டி, திருப்பூர்னா சாயப்பட்டறை, நெய்வேலின்னா நிலக்கரி, ஆம்பூர்னா தோல். அங்க நடக்கிற வேலைக்கு அடியில சிலபஸ்ல இருக்கிற எந்த வரி ஓடுதுன்னு தேடிப் பாருங்க. தேடிக் கண்டுபிடிச்ச வரி பரீட்சை முடிஞ்ச பிறகும் மறக்காது.

அடுத்த தடவை திருச்செந்தூர் பஸ்ல ஜன்னலோர சீட் கிடைச்சா ஃபோனை கொஞ்ச நேரம் பையில போட்டுட்டு வெளியே பாருங்க. உப்பளம் வரும், அம்மோனியா ஆலை வரும், சோடா ஆஷ் ஆலை வரும். ஒவ்வொண்ணுக்கும் எந்த யூனிட், எத்தனை மார்க்னு சொல்லிப் பாருங்க. மூணுக்குச் சொல்ல முடிஞ்சா கெமிஸ்ட்ரி பேப்பரைப் பத்தின பயம் பாதி குறைஞ்சிருக்கும். மீதிப் பாதிக்கு நூலகம் திறந்துதான் இருக்கு. எல்லாருக்கும் அரியர் இல்லாத செமஸ்டர் அமைய வாழ்த்துகள்!